மதில் மேல் பூனை, மாடி மேல் பூனை

வெயில் ஏறுவதற்கு முன்பே காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வேலை தொடங்கிவிடுகிறது. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பட்டுப் பாவை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, இழைகளைப் பிரித்து, அறுந்ததைத் தேடி முடிச்சுப் போட்டு, விறைப்பு சரியாக இருக்கிறதா என்று உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு மேலே, மதில் விளிம்பில் ஒரு பூனை. முன்னங்கால்களை மடக்கி, பாதிக் கண்ணை மூடி, எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கிறது.

நெசவுத் தெருவுக்குப் பூனை புதிதல்ல. பாவுக்கு அரிசிக் கஞ்சி போடுவார்கள். கஞ்சி வாசம் இருக்கும் இடத்துக்கு எலி வரும். விலை உயர்ந்த பட்டு இழையில் எலி வாய் வைத்தால் பல நாள் உழைப்பு வீண். அதனால் தறி வீடுகளில் பூனைக்கு ஒரு பிடி சோறு எப்போதும் உண்டு. யாரும் அதை ‘வளர்ப்பதாக’ச் சொல்லிக்கொள்வதில்லை. அது பாட்டுக்கு வரும், ஓட்டின் மேல் ஏறும், நாலு வீடு தாண்டி யார் வீட்டு முற்றத்திலோ இறங்கும்.

அந்த வீடுகளின் அமைப்பே பூனைக்குத் தோதானது. ஒட்டி ஒட்டிக் கட்டிய நீள வீடுகள். திண்ணையிலிருந்து மதில், மதிலிலிருந்து நாட்டு ஓடு, ஓட்டிலிருந்து முற்றத்துத் தாழ்வாரம், அங்கிருந்து தரை. எங்கே கால் தவறினாலும் கீழே இன்னொரு படி காத்திருக்கும். முழுதாக விழுந்தாலும் பத்தடி. ‘மதில் மேல் பூனை’ என்று முடிவெடுக்கத் தெரியாதவர்களைச் சொல்கிறோம். ஆனால் மதில் மேல் இருக்கும் பூனைக்கு இரண்டு பக்கமும் இறங்க வழி உண்டு.

ஓடு இல்லாத வீடு

ஊர் இப்போது அகலமாகிவிட்டது. 2021-ல் காஞ்சிபுரம் மாநகராட்சி ஆனது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் வீடு வேண்டியிருக்கிறது. கோயிலைச் சுற்றிய பழைய தெருக்களில் உயரமாகக் கட்டிவிட முடியாது. கைலாசநாதர் கோயில் போலத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். அதனால் அடுக்குமாடிகள் செவிலிமேடு, ஓரிக்கை என்று ஊரின் வெளிப்பக்கம் பார்த்துப் போகின்றன.

பிள்ளைகள் தறியை விட்டு வேறு வேலைக்குப் போன வீடுகள் சில, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் குடிபெயர்கின்றன. பித்தளைக் குடம் வருகிறது, பூஜை அலமாரி வருகிறது, பாட்டி வருகிறார். கூடவே பூனையும் வருகிறது.

பால்கனிக்கு வலை போட வேண்டும் என்று மருமகள் சொன்னதும், இப்படிப்பட்ட வீடுகளில் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

“பூனைக்குப் போய் வலையா? ஓட்டு மேலயே ஓடி வளந்த ஜாதி அது. எங்கேருந்து விழுந்தாலும் நாலு கால்ல நிக்கும்.”

“நிக்கும் அத்தை. ஆனா இங்க ஓடு எங்க இருக்கு? விட்டா நேரா தரைதான்.”

பாட்டி சொல்வதில் தவறில்லை. மருமகள் சொல்வது அதில் விடுபட்ட பாதி.

நாலு காலில் நின்றாலும்

பூனை எப்படி நாலு காலில் இறங்குகிறது என்பதை 1894-லேயே படம் பிடித்துக் காட்டிவிட்டார் பிரெஞ்சு விஞ்ஞானி எத்தியென் ஜூல் மாரே. தலைகீழாக விடப்பட்ட பூனை முதலில் தலையையும் முன்னுடலையும் திருப்புகிறது. பிறகு பின்னுடலைத் திருப்புகிறது. கால்கள் தரையைப் பார்க்கின்றன. வளையும் முதுகெலும்பு தரும் வரம் அது. குட்டிகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே இந்த வித்தை வந்துவிடும்.

ஆனால் திரும்பத் தெரிவது வேறு, விழுந்த வேகத்தைத் தாங்குவது வேறு. 1984-ல் நியூயார்க்கில் ஒரு விலங்கு மருத்துவமனைக்கு ஐந்தே மாதத்தில், மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகள் வந்தன. சராசரி உயரம் ஐந்தரை மாடி. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன என்று 1987-ல் அந்த மருத்துவர்கள் எழுதினார்கள். ‘பூனைக்கு ஒன்றும் ஆகாது’ என்று உலகம் முழுக்கப் பேச இந்தக் கணக்கு ஒரு காரணமாகிவிட்டது. விழுந்த இடத்திலேயே இறந்த பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை. அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை என்பதைப் பலர் யோசிக்கவில்லை.

குரோஷியாவின் ஸாக்ரெப் நகரில் 119 பூனைகளைப் பற்றி 2004-ல் வந்த ஆய்வு இன்னும் விவரமானது. சராசரி உயரம் நான்கு மாடி. காஞ்சிபுரத்துக் குடியிருப்புகளுக்குப் பொருந்தும் உயரம். 96.5 சதவீதம் பிழைத்தன. ஆனால் கிட்டத்தட்டப் பாதிக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. மூன்றில் ஒன்றுக்கு நெஞ்சுப் பகுதியில் அடி. விழுந்தவற்றில் பத்துக்கு ஆறு, ஒரு வயது நிரம்பாத இளம் பூனைகள். வெயில் காலத்தில்தான் அதிகம் விழுந்திருக்கின்றன, அப்போதுதான் ஜன்னலும் பால்கனிக் கதவும் திறந்திருக்கும் என்பதால். காஞ்சிபுரத்தில் வெயில் காலம் எத்தனை மாதம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

தவம் செய்யும் பூனை

பூனை ஏன் விழுகிறது? காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட பல்லவர்கள் காலத்துச் சிற்பி ஒருவர் இதற்கு விடை செதுக்கி வைத்திருக்கிறார். இங்கிருந்து சுமார் 65 கிலோமீட்டரில், மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு பாறையில், யானைகளுக்குப் பக்கத்தில் ஒரு பூனை நிற்கிறது. பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, விலா எலும்பு தெரியத் தவம் செய்கிறது. காலடியில் எலிகள் பயமில்லாமல் நிற்கின்றன. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்தத் தவம் எலி பக்கத்தில் வரும் வரைதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பால்கனிக் கைப்பிடிச் சுவரில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் பூனையும் அதே தபசிதான். எதிர் மாடியில் ஒரு புறா சிறகடித்தால் போதும், தவம் கலைந்துவிடும். பாயும் அந்த நொடியில் பூனைக்குப் புறா மட்டும்தான் தெரியும். மூன்று மாடி தெரியாது. வழவழப்பான டைல்ஸிலும் கிரானைட் விளிம்பிலும் நகம் பிடிக்காது. நாட்டு ஓட்டின் சொரசொரப்பில் பழகிய கால், இங்கே வழுக்குகிறது.

அடுத்தது சத்தம். வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவை என்றால் ஊரே தெருவில் நிற்கும். மேளமும் கூட்டமும் மனிதர்களுக்குத் திருவிழா, பூனைக்குத் திகில். தீபாவளி வேட்டு பற்றிச் சொல்லவே வேண்டாம். பயந்த பூனை எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று பார்த்து ஓடாது. அந்த நாட்களில் பூனையை உள் அறையில் வைத்து, பால்கனிக் கதவைத் தாழ் போடுவதுதான் நல்லது.

குரங்குக்குப் போட்ட கம்பி

‘எங்கள் வீட்டில்தான் கம்பி இருக்கிறதே’ என்று சிலர் நினைக்கலாம். கோயில் ஊர்களில் முற்றத்துக்கு மேலே கம்பி போடுவதும், பால்கனியை இரும்புக் கிரில்லால் அடைப்பதும் பழைய வழக்கம். திருடன் வரக் கூடாது, தேங்காய் மூடியையும் காயப்போட்ட வடகத்தையும் குரங்கு தூக்கக் கூடாது. அந்தக் கம்பி வெளியே இருப்பதை உள்ளே விடாமல் தடுக்கப் போட்டது. உள்ளே இருப்பதைக் காக்கப் போட்டதல்ல. நாலு, ஐந்து அங்குல இடைவெளியில் குரங்கு நுழைய முடியாது. பூனை தலையை விட்டுப் பார்க்கும். தலை போனால் உடம்பும் போய்விடும்.

குரங்கையும் பூனையையும் சேர்த்துச் சொன்னால் இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு வேறொன்றும் நினைவு வரும். வைணவத்தில் இரண்டு நியாயங்கள் சொல்வார்கள். குரங்குக் குட்டி தன் தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். அது மர்க்கட நியாயம், வடகலையார் சொல்வது. பூனைக்குட்டி எதையும் பற்றாது. தாய்தான் கழுத்தைக் கவ்வித் தூக்கிப் போகும். அது மார்ஜார நியாயம், தென்கலையார் சொல்வது. வடகலையாரின் பேராசிரியரான வேதாந்த தேசிகர் 1268-ல் அவதரித்த தூப்புல், இதே காஞ்சியில்தான் இருக்கிறது. ஜீவனும் இறைவனும் பற்றிய பெரிய விசாரம் அது. அதை அறிஞர்களிடமே விட்டுவிடலாம். ஆனால் பூனைக்குட்டி பற்றி அந்த உவமை சொல்வது மாடி வீட்டுக்கு அப்படியே பொருந்தும். ஓரம் எது, ஆழம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் பொறுப்பை அதன் தலையில் போட முடியாது. தூக்கிப் போய்ப் பத்திரமான இடத்தில் வைப்பது, அதை மாடிக்குக் கொண்டுவந்தவர்கள் வேலை.

கரை பிரியாத வலை

என்ன செய்யலாம்? இழை எண்ணிப் பழகிய ஊருக்கு வலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். தனித்தனி நாடா ஓட்டி, இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்கிறார்கள். புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள். பால்கனி வலைக்கும் அதே சோதனைதான். வலை பெரும்பாலும் நடுவில் விடுவதில்லை; சுவரைத் தொடும் ஓரத்தில்தான் விடுகிறது. இரண்டு கொக்கிகளுக்கு நடுவே தொய்ந்து ஒரு கை நுழையும் அளவுக்கு வாய் திறந்தால், பூனை அதைக் கண்டுபிடித்துவிடும்.

கடைகளில் ‘புறா வலை’ என்று கேட்டால் நைலான் வலை கிடைக்கும். கண் பெரிதாக இருக்கும் வலையைத் தவிர்க்க வேண்டும். குட்டிப் பூனை இருக்கும் வீட்டுக்கு ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் கண் வேண்டாம். வலையைக் கைப்பிடிச் சுவர் உயரத்தோடு நிறுத்தக் கூடாது. பூனை நின்ற இடத்திலிருந்தே ஐந்தடி தாவும். தரையிலிருந்து மேல்தளம் வரை முழுதாக வர வேண்டும். சுவர் நெடுக நெருக்கமாகக் கொக்கி அடித்து, அவற்றின் வழியே ஒரு கம்பியை இறுக்கி ஓட்டி, அந்தக் கம்பியில் வலையைக் கட்டினால் ஓரம் தொய்யாது. கட்டி முடித்ததும் பாவை அழுத்திப் பார்ப்பது போல ஓரம் முழுக்க உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். தொங்கும் நூல் முனைகளைக் கத்தரித்துவிடுங்கள். பூனை நூலை விழுங்கினால் அது குடலையே அறுத்துவிடும் ஆபத்து உண்டு. இது பட்டு நூலுக்கும் பொருந்தும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் இழுக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

வெயிலில் நைலான் நாளடைவில் பொடியும். வருஷத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது, வலையையும் இழுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். செலவு செய்ய முடிந்தவர்கள், இருக்கும் கிரில்லுக்கு உள்பக்கம் சிறிய கண் உள்ள வெல்டு மெஷ்ஷைப் பொருத்தினால் பல வருஷம் கவலையில்லை. ‘இன்விசிபிள் கிரில்’ அழகாக இருக்கும். ஆனால் கம்பிக்குக் கம்பி இரண்டு, மூன்று அங்குல இடைவெளி இருந்தால் குட்டிக்கு அது திறந்த கதவு. ஜன்னலில் ஒட்டும் கொசுவலையை நம்பவே வேண்டாம். அது கொசுவுக்கு மட்டும்தான். பூனை நகம் பட்டால் கிழியும், சாய்ந்தால் பிரியும். ஜன்னலுக்கு ஸ்டீல் வலைச் சட்டம் போடலாம்.

வாடகை வீடு, சுவரில் துளை போடக் கூடாது என்றால்? பால்கனிக் கதவுக்கு மட்டும் வலைக் கதவு வைத்து, பூனையை உள்ளேயே வைத்துக்கொள்வது போதும். வலை கட்டுமுன் குடியிருப்போர் சங்கத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது. வலையின் நிறம், கட்டும் விதம் பற்றி அவர்கள் பேசலாம். விலங்கே வளர்க்கக் கூடாது என்று தடை போட முடியாது என்கின்றன இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள்.

வலைக்கு உள்ளே என்ன வைக்கலாம்? உட்காரப் பழைய சாக்கு விரித்த ஒரு ஸ்டூல், நிழல், தண்ணீர்க் கிண்ணம். நண்பகலில் டைல்ஸ் கொதிக்கும். நிழல் இல்லாத பால்கனியில் பூனையை விட்டுக் கதவைச் சாத்தக் கூடாது. பூஜைக்கென்று அரளியைத் தொட்டியில் வைத்திருந்தால் அதைக் கீழே தோட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள். இலை, பூ எல்லாமே பூனைக்கு விஷம். லில்லியும் அப்படித்தான், சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். ஒரு தட்டில் அறுகம்புல் வளர்த்தால் பிள்ளையாருக்கும் ஆச்சு, பூனைக்கும் ஆச்சு. ஆண், பெண் எதுவானாலும் கருத்தடை செய்துவிட்டால் இரவில் குரல் கொடுத்து வெளியே ஓடத் துடிப்பது பெருமளவு குறையும்.

விழுந்துவிட்டால்

எல்லாம் செய்தும் ஒரு நாள் பூனையைக் காணவில்லை என்றால், ஊர் முழுக்க ஓட வேண்டாம். பால்கனிக்கு நேர் கீழே தொடங்கித் தேட வேண்டும். அடிபட்ட பூனை தூரம் போகாது. நிறுத்திய கார் அடியிலும், மோட்டார் அறை மூலையிலும், மாடிப்படிக்குக் கீழும் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும்.

கிடைத்ததும், அது நடக்கிறதே, சோறு தின்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. நெஞ்சில் பட்ட அடி சில மணி நேரம் கழித்துத்தான் மூச்சுத் திணறலாகத் தெரியலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, தாடையிலோ அண்ணத்திலோ ரத்தம், சிறுநீர் போகாமல் இருப்பது ஆகியவை அவசர அறிகுறிகள். துண்டு விரித்த ஒரு பலகையிலோ பெட்டியிலோ அசையாமல் வைத்து, அரசு கால்நடை மருத்துவமனைக்கோ தெரிந்த மருத்துவரிடமோ கொண்டுபோக வேண்டும். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மனிதனுக்கு வலி தீர்க்கும் அந்த மாத்திரை பூனையின் உயிரை எடுத்துவிடும்.

மாலையில் வெயில் தாழும் நேரம், செவிலிமேடு பக்கத்து மாடி ஒன்றின் முன் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு பால்கனியில் ஈரப் புடவை காய்கிறது, இன்னொன்றில் யாரோ காபி குடிக்கிறார்கள். வலை கட்டிய பால்கனியில் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது. பிள்ளையார்பாளையத்து மதிலில் உட்கார்ந்திருந்ததைப் போலவே, முன்னங்கால்களை மடக்கி, பாதிக் கண்ணை மூடி. வெளியே கம்பத்தில் ஒரு புறா வந்து இறங்குகிறது. பூனை பாய்கிறது. வலை ஒரு முறை அதிர்ந்து, பூனையைத் திரும்ப ஸ்டூலில் விடுகிறது. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் பாட்டி தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, மறுபடி கீரையை ஆயத் தொடங்குகிறார்.